கடையின் வலைப்பதிவு ஆளைக் கொண்டுவரவில்லையா? புகார் வாரியாகப் பழுது பார்க்கும் வழி

சிங்கப்பூரின் தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டாரத்தில் சிறு தொழில் செய்யும் நண்பர்கள், உறவினர்கள் பலருடைய வலைப்பதிவைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிட்டது. தையற்கடை, பூக்கடை, கேட்டரிங், வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்பவர், துணைப்பாட வகுப்பு நடத்துபவர் என்று தொழில்கள் வேறு வேறு. புகார்கள் மட்டும் திரும்பத் திரும்ப அதேதான். அவற்றை அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே தலைப்பாகக் கொடுத்திருக்கிறேன். உங்கள் புகார் எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள். காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில்.

தொடங்கும் முன் ஒன்று. உங்கள் கைப்பேசியில் சோதிக்காதீர்கள். கடைக்குள் உட்கார்ந்துகொண்டு, தினமும் திறக்கும் உங்கள் தளத்தையே தேடினால் கூகுள் அதை முன்னால் தள்ளிக் காட்டக்கூடும். ஈசூனிலோ ஜூரோங்கிலோ இருக்கும் தங்கச்சியிடம் சொல்லி, வைஃபை இல்லாமல் டேட்டாவில் திறந்து பார்த்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். நிர்வாகப் பக்கம் தேவைப்படும் இடங்களைத் தவிர, கீழே உள்ள சோதனைகள் எல்லாம் அந்தக் கைப்பேசியில் நடக்கட்டும்.

## “கூகுள்ல நம்ம பதிவே வரலையே”

கூகுள் தேடல் பெட்டியில் ‘சைட்’ (site) என்று ஆங்கிலத்தில் தட்டி, ஒட்டினாற்போல் முக்காற்புள்ளி (:) வைத்து, அதையும் ஒட்டியே உங்கள் தள முகவரியைப் போடுங்கள். நடுவில் இடைவெளி கூடாது. கூகுள் உங்கள் தளத்திலிருந்து எதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

ஒன்றுமே வரவில்லை. வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டிய தளம் என்றால் நிர்வாகப் பக்கத்தில் செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங் போங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு சின்னக் கட்டம் அடியில் இருக்கும். தளத்தைக் கட்டுகிறவர் வேலை முடியும்வரை அதில் டிக் போட்டு வைப்பார், ஒப்படைக்கும்போது எடுக்க மறந்துவிடுவார். டிக்கை எடுத்துச் சேமியுங்கள். கட்டம் ஏற்கெனவே காலியாக இருந்தால், உங்கள் பக்கங்கள் தேடலில் எப்படி வருகின்றன என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேருங்கள், அது இலவசம். யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் பெட்டியில் ஒரு பதிவின் முகவரியைப் போட்டால் ஏன் சேர்க்கவில்லை என்ற காரணத்தை அதுவே சொல்லும். புதுத் தளம் என்றால் சில நாள் முதல் சில வாரம்வரை பொறுக்கத்தான் வேண்டும். தேடுபொறிக்குக் கொடுக்கும் பக்கப் பட்டியலான சைட்மேப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் அதைத் தானாகவே உருவாக்குகிறது.

முகப்புப் பக்கம் வருகிறது, பதிவுகள் வரவில்லை. பதிவைத் திறந்து அதில் உள்ள எழுத்தை விரலால் அழுத்தித் தேர்ந்தெடுக்க முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் அது எழுத்து அல்ல, போஸ்டர். ஃபேஸ்புக்குக்குச் செய்த படத்தை அப்படியே பதிவாகப் போட்டுவிடுகிறார்கள். படத்தில் இருப்பதையெல்லாம் கீழே தட்டச்சு செய்யுங்கள். வேறு செலவு இல்லை.

நீங்கள் எழுதாத தலைப்புகள் வருகின்றன. ஜப்பானிய எழுத்தில் வரும், இல்லாவிட்டால் சூதாட்டம், மாத்திரை என்று வரும். யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இங்கே நீங்களாக எதையும் அழித்துப் பார்க்க வேண்டாம். கடவுச்சொற்களை மாற்றுங்கள், தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் பழைய பேக்கப் (நகல்) இருக்கிறதா என்று கேளுங்கள், அன்றைக்கே விஷயம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். பக்கத்தை அழித்தாலும் புகுந்த வழி திறந்தே இருக்கும், அடுத்த வாரம் மறுபடி வரும்.

எல்லாம் ஒழுங்காக வருகிறது. அப்படியானால் கூகுளுக்கு உங்களைத் தெரிந்திருக்கிறது. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

## “வருது, ஆனா மூணாவது பக்கத்துல வருது”

உங்கள் கடைசிப் பத்துப் பதிவுகளின் தலைப்பை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ‘எங்கள் சேவைகள்’, ‘இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்’, ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இதை யாரும் தேடுவதில்லை. டன்லப் ஸ்திரீட் தையற்காரரைத் தேடுகிறவர் ‘சேம் டே பிளவுஸ் ஸ்டிச்சிங் லிட்டில் இந்தியா’ என்று, அதுவும் ஆங்கிலத்தில், தட்டுவார்.

மொழி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கே வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்கூடக் கைப்பேசியில் தேடும்போது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். அதற்காகத் தமிழில் எழுதுவதை விட்டுவிட வேண்டியதில்லை. வளைகாப்பு, காதணி விழா, சீர்வரிசை போன்றவற்றில் தமிழில் எழுதிய பதிவைப் பார்த்ததும் பெரியவர்களுக்கு ஒரு நம்பிக்கை வருகிறது. மகள் தேடிக் கண்டுபிடிப்பாள், அம்மா படித்து முடிவு செய்வார். அதனால் ஒரே பதிவில் இரண்டு மொழியையும் பிசையாமல் ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று எழுதி, ஒன்றிலிருந்து மற்றதற்கு லிங்க் கொடுங்கள். ‘வளைகாப்பு’ என்பதை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எந்த எழுத்துக்கூட்டலில் உங்களிடம் வருகிறார்கள் என்பது சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், குவெரிஸ் பட்டியலில் இருக்கிறது. அதையே தலைப்பில் வையுங்கள்.

‘பக்கத்தில் உள்ள பூக்கடை’ என்கிற மாதிரித் தேடல்களில் வரைபடமும் கடைகளும்தான் முதலில் வரும், வலைப்பதிவு அதற்குக் கீழேதான். எனவே அந்த வரைபடத்தில் வரும் கடை விவரமான கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடையின் பெயர், நேரம், எண் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அந்தப் புரொஃபைலோடு கூகுள் இலவசமாகக் கொடுத்த குட்டித் தளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். பழைய பெயரட்டையிலும் பையிலும் அந்த முகவரி அச்சாகியிருந்தால் அதைத் தட்டுகிறவர் எங்கும் போய்ச் சேரமாட்டார்.

‘முதல் பக்கம் உத்தரவாதம்’ என்று மின்னஞ்சல் வரும். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. தலைப்புகளை மாற்றி, புரொஃபைலைச் சரிசெய்து, அரை வருடம் போன பிறகும் அசையவில்லை என்றால் ஒரு நிபுணரிடம் ஒருமுறை ஆய்வுக்கு மட்டும் பணம் கொடுங்கள். மாதச் சந்தாவில் முதலிலேயே மாட்டிக்கொள்ள வேண்டாம்.

## “படிக்கிறாங்க, ஆனா யாரும் கூப்பிட மாட்டேங்கிறாங்க”

அதிகமாக வரும் புகார் இதுதான், அதிகக் காசு வீணாவதும் இதில்தான். எழுத்து சரியில்லை போலிருக்கிறது என்று ஆள் வைத்து எழுத வைக்கிறார்கள். நான் பார்த்தவரை பழுது பெரும்பாலும் எழுத்துக்கு வெளியே இருக்கிறது.

வாட்ஸ்அப் பொத்தானைத் தட்டுங்கள். உரையாடல் திறக்கிறதா, அல்லது எண் செல்லாது என்று வருகிறதா? செல்லாது என்றால் லிங்க்கில் சிங்கப்பூரின் நாட்டுக் குறியீடான 65 விடுபட்டிருக்கும். நமது எட்டு இலக்க எண்ணை அப்படியே போட்டால் வாட்ஸ்அப் முதல் இலக்கங்களை நாட்டுக் குறியீடாக எடுத்துக்கொள்ளும். 91இல் தொடங்கினால் இந்தியா, 94 என்றால் இலங்கை, 81 என்றால் ஜப்பான். முகவரியின் முடிவில் 65, அதை ஒட்டி எட்டு இலக்கம், அவ்வளவுதான். கூட்டல் குறி, இடைவெளி, கோடு எதுவும் வேண்டாம்.

எண்ணைத் தட்டினால் அழைப்பு போகிறதா? எண் படத்துக்குள் இருந்தால் போகாது. ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாக நிற்கிறவர் எட்டு இலக்கத்தை மனப்பாடம் செய்து தட்டமாட்டார்.

படிவம் வைத்திருக்கிறீர்களா? நீங்களே ஒன்று நிரப்பி அனுப்புங்கள். வரவில்லையா? ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். வேர்ட்பிரஸ் படிவம் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து நேராக மின்னஞ்சல் அனுப்பும், ஜிமெயில் அதை நம்புவதில்லை. மாதக்கணக்கில் ஆர்டர் கேட்டு வந்த கடிதங்கள் ஸ்பாமில் கிடந்ததை ஒரு கேட்டரிங்காரர் வீட்டில் பார்த்திருக்கிறேன். சின்னக் கடைக்கு என் யோசனை, படிவத்தைத் தூக்கிவிட்டு வாட்ஸ்அப் மட்டும் வைப்பதுதான். படிவம் வேண்டியே ஆக வேண்டும் என்றால் மின்னஞ்சல் நம்பகமாகப் போய்ச் சேர உதவும் எஸ்எம்டிபி, எஸ்பிஎஃப் அமைப்புகள் இரண்டையும் சரிசெய்து கொடுக்கும்படி ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேளுங்கள். தெரிந்தவருக்கு அது சின்ன வேலை.

கடை எங்கே என்று தெரிகிறதா? ‘லிட்டில் இந்தியா எம்ஆர்டி அருகில்’ என்றால் போதாது, அந்த வட்டாரத்தில் எல்லாக் கடையும் அந்த ரயில் நிலையத்தின் அருகில்தான். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, யூனிட் எண், எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும் என்பது, இவை எல்லாப் பதிவின் அடியிலும் இருக்கட்டும். கடைவீட்டின் மாடியில் இருப்பவர்கள் கீழே உள்ள படிக்கட்டு வாசலைப் படம் எடுத்துப் போடுங்கள். கேம்பல் லேன் வரை வந்துவிட்டு மாடிப்படி தெரியாமல் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. வீவக அடுக்குமாடி வீட்டிலிருந்து விற்பவர்கள் வீட்டு எண்ணைப் பொதுவில் போட வேண்டாம். எந்த எம்ஆர்டியில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

விலை இருக்கிறதா? போட்டிக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்று விலையை மறைக்கிறார்கள். அவர் ஏற்கெனவே ஓர் ஆளை அனுப்பி உங்கள் விலையைக் கேட்டிருப்பார், கவலை வேண்டாம். ‘இத்தனை வெள்ளியிலிருந்து’ என்று தொடக்க விலையாவது போடுங்கள். விலை தெரியாத இடத்தில் போய்க் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்ப நம் ஆட்களுக்குக் கூச்சம். கேட்காமலே அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

நம்பும்படி இருக்கிறதா? சிங்கப்பூரில் இதைத் தனியாகப் பார்க்கத்தான் வேண்டும். மோசடிக் குறுஞ்செய்திகளால் பலர் பணம் இழந்த பிறகு, 2022 ஜனவரியில் வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் தட்டக்கூடிய லிங்க்கே வைக்கக் கூடாது என்று முடிவானது. தெரியாத லிங்க் என்றாலே இங்கே சந்தேகம்தான். தங்கச்சியின் கைப்பேசியில் உங்கள் முகவரிக்குப் பக்கத்தில் ‘நாட் செக்யூர்’ என்று வருகிறதா? தளத்தின் பாதுகாப்பைக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழ் இல்லை, அல்லது காலாவதியாகியிருக்கும். இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு ஆயுள் அதிகபட்சம் 90 நாள்தான். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு நின்றுபோனால் இப்படி வரும். ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு ஒரு செய்தி போட்டால் சரியாகிவிடும். அடுத்து, பக்கத்தின் அடியில் உங்கள் தொழிலின் பதிவு எண்ணான யூஇஎன்னைப் போடுங்கள். வேண்டியவர்கள், தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடிப் பார்த்துக்கொள்வார்கள். முன்பணம் வாங்குகிறவர் என்றால், எண்ணைத் தட்டிப் பணம் அனுப்பும் பேநவ்வை உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணில் வைக்காமல் யூஇஎன்னில் வையுங்கள். பணம் அனுப்பும்போது தொழிலின் பெயரே திரையில் வரும்.

இத்தனையும் சரி, இன்னும் கூப்பிடவில்லை என்றால், பதிவின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். ‘மேலும் விவரங்களுக்குத் தொடர்புகொள்ளவும்’ என்று முடிகிறதா? என்ன அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். ‘அளவு பிளவுஸின் படம், சேலையின் படம், எந்தத் தேதிக்கு வேண்டும், இந்த மூன்றையும் அனுப்புங்கள்.’ எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறவருக்கு அது போதும்.

## “பார்வை எல்லாம் நிறையத்தான் இருக்கு, ஆனா எல்லாம் சென்னையிலிருந்து”

தமிழில் எழுதும் கடைகளுக்கென்றே வரும் கோளாறு இது. சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ், அதில் கன்ட்ரீஸ் பாருங்கள். இந்தியா மேலே, சிங்கப்பூர் கீழே எங்கேயோ இருக்கும். எந்தப் பதிவு அவர்களைக் கொண்டுவருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் செய்முறைப் பதிவாக இருக்கும். முறுக்கு விற்பவர் முறுக்குச் செய்முறை எழுதினால், வருகிறவர் முறுக்கு சுடப் போகிறவர். வாங்குகிறவர் வேறு ஏதோ தேடிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பதிவுகளை அழிக்க வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும். இங்கே இருக்கிறவருக்கு மட்டுமே எழக்கூடிய கேள்விகளுக்குப் புதிதாக எழுதுங்கள். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நூறு பேருக்குச் சாப்பாடு போட என்னவெல்லாம் ஏற்பாடு வேண்டும்? பெருமாள் கோயில் பிஜிபி மண்டபத்தில் நிகழ்ச்சி என்றால் பூ அலங்காரத்தை எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும்? பொங்கோலுக்கு டெலிவரி எவ்வளவு? இதற்கு வரும் பார்வை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் வருகிறவர் கையில் ஒரு தேதி இருக்கும், பட்ஜெட் இருக்கும்.

ஃபேஸ்புக்கில் காசு கொடுத்துப் பதிவை ‘பூஸ்ட்’ செய்திருந்தால், இடம் என்ற கட்டத்தில் சிங்கப்பூர் மட்டும் இருக்கிறதா பாருங்கள். தமிழில் ஆர்வமுள்ளவர்கள் என்று மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு இடத்தைத் திறந்துவிட்டால் உங்கள் வெள்ளி மதுரைவரை போய்விடும். ஜொகூரிலிருந்து வாடிக்கையாளர் வருகிறவர்கள் மலேசியாவைச் சேர்த்துக்கொள்ளலாம். மற்றபடி இந்தப் புகாருக்கு நிபுணர் தேவையே இல்லை.

## “வாட்ஸ்அப்புல அனுப்பினா அசிங்கமா வருது”

*முகவரி அரைப் பக்கத்துக்கு நீளுகிறது, நடுவே சதவீதக் குறிகள்.* பதிவின் முகவரியில் தமிழ் எழுத்து இருக்கிறது. வெளியிடும் முன் அந்தத் துண்டை மூன்று நான்கு ஆங்கிலச் சொற்களாக மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே வெளியிட்டதை மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானாகத் திருப்பிவிடும் ரீடைரக்ட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பு பகிர்ந்தவை எல்லாம் செத்துவிடும்.

*படம் வரவில்லை.* பதிவுக்கு ஃபீச்சர்ட் இமேஜ் என்னும் முகப்புப் படம் வைக்கவில்லை, அல்லது அது மிகப் பெரிய கோப்பு. சின்னதாக்கி மறுபடி ஏற்றுங்கள்.

*பழைய படமே வருகிறது.* ஃபேஸ்புக்கில் பகிரும்போது இப்படி வந்தால் அவர்களுடைய ஷேரிங் டிபக்கர் பக்கத்தில் முகவரியைப் போட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

*தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கின்றன.* பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அச்சகத்தில் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவரிடம் வாங்கிய கோப்பு என்றால் இது நிச்சயம். யூனிகோடு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறி நிற்கும்.

## “திறக்கவே நேரமாகுது”

பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசப் பக்கத்தில் உங்கள் முகவரியைப் போடுங்கள். மொபைல் பகுதியில் எல்சிபி என்று ஓர் எண் வரும், பக்கத்தின் பெரிய பகுதி தெரிய எடுக்கும் நேரம் அது. 2.5 விநாடிக்குள் இருந்தால் நல்லது. அதைவிட அதிகமாக இருந்தால் முதல் சந்தேகம் படங்கள்மேல். கைப்பேசியில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் ஒன்றே சில எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சல் அளவுக்குக் குறைத்து, வெப்பி (webp) வடிவத்தில் சேமித்து ஏற்றுங்கள். அடுத்தது முகப்பில் ஓடிக்கொண்டே இருக்கும் ஸ்லைடர். யாரும் இரண்டாவது படம்வரை காத்திருப்பதில்லை, எடுத்துவிடுங்கள். பிறகு, தளத்தில் கூடுதலாகச் சேர்த்துப் பயன்படாமல் கிடக்கும் பிளகின்கள். இவ்வளவுக்கும் குறையாவிட்டால்தான் ஹோஸ்டிங்கை மாற்றுவது. அதை நீங்களே செய்ய வேண்டாம், மின்னஞ்சலும் சேர்ந்து நின்றுவிடும் அபாயம் இருக்கிறது.

## “எண்ணிக்கை பூஜ்யம் காட்டுது”

வருகிறவர்களை எண்ணும் பழைய கூகுள் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் கணக்கெடுப்பதை நிறுத்திவிட்டது. அதற்கு முன் கட்டிய தளத்தில் பழைய குறியீடு அப்படியே இருக்கும். அதன் புதிய பதிப்பான ஜிஏ4இல் கணக்கு திறந்து புதிய குறியீட்டைப் போடுங்கள். உண்மையைச் சொன்னால், நாலு பேர் வேலை செய்யும் கடைக்கு அதுகூட வேண்டாம். ‘எங்களை எப்படித் தெரியும்?’ என்று ஆர்டர் புத்தகத்தில் ஒரு கட்டம் போட்டுக் கேட்டு எழுதுங்கள்.

## “விலையைப் பார்த்துட்டு வந்து சண்டை போடறாங்க”

பழைய பதிவு எதையோ படித்துவிட்டு வந்திருக்கிறார். பொருள் சேவை வரி 2023 ஜனவரியில் 7இலிருந்து 8 விழுக்காடாகவும், 2024 ஜனவரியில் 9 ஆகவும் ஏறியது. 2022இல் எழுதிய விலைப்பட்டியல் இன்னும் தேடலில் வருகிறது என்றால் அதை நம்பி வந்தவர்மேல் தப்பில்லை. உங்கள் தளத்துக்குள் ‘வெள்ளி’ என்றும் டாலர் குறியைப் போட்டும் தேடி, விலை இருக்கும் எல்லாப் பதிவையும் பட்டியல் எடுங்கள். விலையை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றப் பதிவுகளிலிருந்து அதற்கு லிங்க் கொடுப்பது நல்லது. அடுத்த முறை ஓர் இடத்தில் மாற்றினால் போதும்.

வரிக்குப் பதிவு செய்த தொழில் என்றால் பொதுமக்களுக்குக் காட்டும் விலை வரியையும் சேர்த்ததாக இருக்க வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் மட்டும் தனி விதி. பதிவு செய்யாதவர்கள் வரி என்ற பெயரில் எதையும் வாங்கவே கூடாது. இதில் குழப்பம் இருந்தால் கணக்காளரைக் கேளுங்கள், தளம் கட்டியவரைக் கேட்காதீர்கள்.

சண்டைக்கு இன்னொரு காரணம், முடிந்துபோன சலுகை. ‘தீபாவளிச் சிறப்புத் தள்ளுபடி’ என்ற பதிவில் ஆண்டே இருக்காது. முடிவு தேதியைத் தலைப்பிலேயே எழுதுங்கள். அப்படியே பழைய பதிவுகளைப் பார்க்கும்போது, சத்துமாவு சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்கிற மாதிரி வரிகள் கண்ணில் பட்டால் உடனே எடுத்துவிடுங்கள். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்பதை இங்குள்ள உணவு விதிமுறைகள் அனுமதிப்பதில்லை.

## “ஆஃபர் அனுப்பினா, புகார் கொடுப்பேன்ங்கிறாங்க”

விலை கேட்டு வாட்ஸ்அப் செய்தவருக்கு விலையைச் சொல்லலாம். அவருடைய எண்ணை எடுத்து மாதாமாதம் விளம்பரம் அனுப்ப அது அனுமதி ஆகாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், விளம்பரம் வேண்டாம் என்பவர்கள் எண்ணைப் பதியும் ‘டூ நாட் கால்’ பதிவேடு 2014இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, வாட்ஸ்அப் செய்திக்கும் அது பொருந்தும். ‘புது வரவு பற்றி அனுப்பலாமா?’ என்று ஒரு வரி கேட்டு, ‘சரி’ என்ற பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். வாடிக்கையாளர் குழந்தையின் காதணி விழாப் படத்தைப் பதிவில் போடுவதற்கும் இதே மாதிரி கேட்டுக்கொள்ளுங்கள்.

## “எழுத என்ன இருக்கு? நாலு பதிவோட நின்னுபோச்சு”

உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளைத் தேடுங்கள். ‘அக்கா, லைனிங் துணி நீங்களே வாங்கிப்பீங்களா?’ ‘அண்ணே, மாலை எத்தனை மணி நேரம் வாடாம இருக்கும்?’ ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டிருந்தால் அது ஒரு பதிவு. நீங்கள் தட்டிய பதிலை எடுத்து ஒட்டி, கொஞ்சம் விரித்தால் முடிந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சொல்லி ‘சேலை தேர்ந்தெடுக்கப் பத்து வழிகள்’ என்று எழுதி வாங்கிப் போடுகிறார்கள். எந்த ஊர்க் கடைக்கும் பொருந்துகிற எழுத்து அது. உங்கள் கடைக்கு ஆளைக் கொண்டுவராது.

பண்டிகைப் பதிவுகளில் நேரம்தான் சிக்கல். தீபாவளிக்குத் தைக்கும் கடை தீபாவளி வாரத்தில் பதிவு போட்டால் படிக்கிறவருக்கு அது எதற்கு? கடைசி ஆர்டர் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே போட்டுவிடுங்கள், கூகுள் கண்டுகொள்ளவும் அவகாசம் வேண்டும். முகவரியில் ஆண்டைச் சேர்க்காமல் அதே பதிவை வருடா வருடம் புதுப்பியுங்கள். புதுப் பதிவு போட்டால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

## “நேத்து இருந்த தளம் இன்னைக்கு இல்லை”

முதலில் மின்னஞ்சலைத் தேடுங்கள். உங்கள் தளப் பெயரான டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதம் பழைய முகவரி எதற்காவது போயிருக்கும். காலாவதிதான் என்றால் உடனே கட்டணத்தைக் கட்டுங்கள், பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். புதுப்பிக்கச் சொல்லி வேறு ஏதோ நிறுவனத்திடமிருந்து வரும் கடிதத்துக்குப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் வாங்கிய இடத்தில்தான் கட்ட வேண்டும்.

புதிதாக வாங்கிய சிங்கப்பூர் டொமைன் சில வாரத்திலேயே நின்றுவிட்டதா? எஸ்ஜி என்று முடியும் டொமைன்களுக்கு, பதிவு செய்த 21 நாளுக்குள் பதிவில் நிர்வாகத் தொடர்பாளராகக் குறித்தவர் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் மூலம் தன்னை உறுதிப்படுத்த வேண்டும். செய்யாவிட்டால் முடக்கிவிடுவார்கள். உறுதிப்படுத்தச் சொல்லி வந்த மின்னஞ்சலைத் தேடிச் செய்தால் போதும்.

டொமைன் சரி, ஹோஸ்டிங்குக்குப் பணம் கட்டவில்லை என்றால் அதைக் கட்டுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் தளம் வரவில்லை என்றால் ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். இதில் நீங்கள் நோண்டிப் பார்க்க எதுவும் இல்லை.

எல்லாவற்றிலும் மோசமானது ஒன்று உண்டு. டொமைன், ஹோஸ்டிங் இரண்டும் தளம் கட்டியவர் பெயரில் இருக்கும். அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், அல்லது போனை எடுக்கமாட்டார். எஸ்ஜி டொமைன்களை நிர்வகிக்கும் எஸ்ஜிநிக்கின் தளத்தில், அவை யாருடையவை என்று காட்டும் ஹூஇஸ் தேடல் இருக்கிறது. உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று, தளம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே பாருங்கள். வேறு பெயர் என்றால் உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றி வாங்குங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் அக்ரா ஆவணம், பணம் கட்டிய ரசீது, பழைய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டொமைனை விற்ற பதிவு நிறுவனத்திடம் போங்கள். அதற்கும் மசியாவிட்டால் வழக்கறிஞர்தான்.

புதுத் தளமே கட்டுவது என்று முடிவானால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவோ முன்பணம் கொடுக்கவோ செய்யாமல் முதலில், தொழில்கள் மின்னிலக்கத் தீர்வுகள் வாங்க அரசு கொடுக்கும் பிஎஸ்ஜி மானியத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற தீர்வுகளுக்குச் செலவில் பாதிவரை கிடைக்கலாம், ஆனால் விண்ணப்பிக்கும் முன் பணம் கட்டிவிட்டால் கிடைக்காது. சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபையில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக உள்ள எஸ்எம்இ நிலையத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். போகும்போது யூஇஎன் எண்ணையும், கட்டுகிறவர் கொடுத்த விலைக் குறிப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். அந்தக் குறிப்பில் டொமைன் யார் பெயரில் பதிவாகும் என்ற வரி இல்லை என்றால் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு போங்கள்.